சிப்பன்டேல்ல இருந்து பிளாஸ்டிக் சேர் வரைக்கும்: பிரிட்டிஷ் ஃபர்னிச்சர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஃபர்னிச்சர் பத்தி பேச்செடுத்தாலே சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டி வெச்சிட்டேன். வரிசையா படிக்கணும்னு இல்ல. நான் ஆசாரியும் இல்ல, மியூசியத்துல வேலை பாக்குறவனும் இல்ல, எங்க பழைய சேரைப் பாத்தாலும் கவுத்துப் போட்டு அடியில என்ன இருக்குன்னு பாக்குற வியாதி உள்ளவன், அவ்ளோதான்.

சிப்பன்டேல்னா ஆளா, கம்பெனியா, ஸ்டைலா?

மூணும்தான், குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. ஆள் பேரு தாமஸ் சிப்பன்டேல். 1718ல யார்க்‌ஷயர்ல ஆட்லிங்கற ஊர்ல தச்சு வேலை பாக்குற குடும்பத்துல பொறந்தவர், லண்டனுக்கு வந்து செயின்ட் மார்ட்டின்ஸ் லேன்ல பட்டறை போட்டார், 1779ல செத்துப்போனார். இவ்ளோ மட்டும்னா இன்னைக்கு அவர் பேரு யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அந்தத் தெருவுல அவரை மாதிரி நல்ல வேலைக்காரங்க இன்னும் நாலு பேரு இருந்தாங்க. அவர் செஞ்ச சாமர்த்தியம் என்னன்னா 1754ல ஒரு புத்தகம் போட்டார், "டைரக்டர்"னு சுருக்கமா சொல்லுவாங்க, 160 தகட்டுப் படம், எல்லாம் சேர், மேசை, கட்டில், அலமாரி டிசைன். வர்றதுக்கு முன்னாடியே 300 பேருக்கு மேல சந்தா கட்டி வாங்கியிருக்காங்க, அதுல பிரபுக்களும் இருக்காங்க, மத்த தச்சர்களும் இருக்காங்க. இந்த ரெண்டாவது கூட்டம்தான் முக்கியம். ஒரு தச்சன் அந்தப் படத்தைப் பாத்து அப்படியே செஞ்சுக்கலாம், டப்ளின்லயும் செஞ்சான், அட்லாண்டிக் தாண்டி ஃபிலடெல்ஃபியாவுலயும் செஞ்சான். அதுவரைக்கும் ஸ்டைலுக்கெல்லாம் ராஜா ராணி பேருதான், ஆன் ராணி ஸ்டைல், ஜார்ஜ் ராஜா ஸ்டைல்னு. தச்சன் பேர்ல ஒரு ஸ்டைல் வந்தது இவருக்கு அப்புறம்தான்.

அதனால "சிப்பன்டேல் சேர்"னு யாராவது சொன்னா, பெரும்பாலும் அது சிப்பன்டேல் தொட்ட சேர் இல்ல, அவர் புத்தகத்தைப் பாத்தவன் செஞ்ச சேர், இல்லன்னா அதைப் பாத்து நூறு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் செஞ்ச சேர்.

பந்தைப் பிடிச்ச சிங்கக்கால் இருந்தா சிப்பன்டேல்தானே?

எல்லாரும் சொல்றது அதான். ஆனா அவரோட டைரக்டர்ல பந்தைப் பிடிச்ச நகக்கால் ஒரு படத்துலகூட கிடையாது. அவர் புத்தகம் போட்டப்பவே லண்டன்ல அது பழைய ஃபேஷன் ஆயிடுச்சு. கடைக்காரர்கிட்ட இதைச் சொல்லி சண்டை போடாதீங்க, நான் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், "அப்போ நீங்களே செஞ்சுக்கோங்க சார்"னுட்டார்.

அப்போ நிஜமாவே அவர் பட்டறை வேலைதான்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

பில் வெச்சு. அவர் முத்திரை குத்துற பழக்கமே இல்ல. எந்தப் பெரிய வீட்டுல பழைய கணக்குப் பேப்பர் தப்பிச்சு கெடக்குதோ அங்கதான் அடிச்சுச் சொல்ல முடியும். யார்க்‌ஷயர்ல ஹேர்வுட் மாளிகை, நாஸ்டெல், ஸ்காட்லாந்துல டம்ஃப்ரீஸ் மாளிகை, இப்படி சில வீடுங்க. ஹேர்வுட்ல டயானா, மினர்வான்னு ரெண்டு தேவதைங்களை இழைச்சுப் பதிச்ச ஒரு கமோட் இருக்கு (கமோட்னா இங்க டிராயர் வெச்ச அலங்காரப் பெட்டகம், நீங்க நினைக்கிறது இல்ல), 1773ல அதுக்குப் போட்ட பில் 86 பவுண்டு. அவரோட பெஸ்ட் வேலைன்னு நான் சொல்லுவேன். வேடிக்கை என்னன்னா அதுல "சிப்பன்டேல் ஸ்டைல்" எதுவுமே இல்ல. முதுகுல ஓட்டை ஓட்டையா பின்னல் மாதிரி செதுக்கின சேருக்குத்தான் உலகமே அவர் பேரை வெச்சிருக்கு, ஆனா அவர் கை உச்சத்துக்குப் போனது அந்த ஸ்டைலை விட்டுட்டு ரோமன் பாணிக்கு மாறினதுக்கு அப்புறம்.

டம்ஃப்ரீஸ் கதை இன்னும் ஜோர். 1759ல வாங்கின சாமான் 250 வருஷமா அதே வீட்டுல இருந்துச்சு, 2007ல வீட்டையும் சாமானையும் வித்துடலாம்னு முடிவு பண்ணி, ஏலத்துக்காக ஃபர்னிச்சர் லாரியில லண்டனுக்குக் கிளம்பியே போச்சு. அப்போ இளவரசரா இருந்த சார்லஸ் ஆள் சேத்து 45 மில்லியன் பவுண்டு திரட்டி மொத்தமா வாங்கினதுல, லாரி அப்படியே திரும்பி வந்துச்சு.

ஹெப்பிள்வைட், ஷெரட்டன்னு ரெண்டு பேரு கூடவே வருதே, அவங்க செஞ்சது எங்க இருக்கு?

எங்கயும் இல்ல. காமெடி பண்ணல, நிஜமா. ஜார்ஜ் ஹெப்பிள்வைட் லண்டன்ல ஒரு சாதாரண பட்டறைக்காரர், 1786ல செத்துட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு 1788ல அவர் மனைவி ஆலிஸ் டிசைன் எல்லாத்தையும் சேத்து புத்தகமா போட்டாங்க, கேடயம் மாதிரி முதுகு வெச்ச சேர் அதுல இருந்துதான் ஃபேமஸ் ஆச்சு. இதுவரைக்கும் "இது ஹெப்பிள்வைட் கையால செஞ்சது"ன்னு உறுதியா காட்ட ஒரு ஸ்டூல்கூட கெடைக்கல. செத்ததுக்கு அப்புறம் வீட்டுக்காரம்மா போட்ட புத்தகத்தால ஒரு ஸ்டைலுக்கே பேர் ஆயிட்டார் மனுஷன்.

தாமஸ் ஷெரட்டன் கதை மனசைக் கஷ்டப்படுத்தும். 1751ல ஸ்டாக்டன்ல பொறந்தவர், பாப்டிஸ்ட் சபையில பிரசங்கமும் பண்ணுவார், லண்டன்ல சொந்தமா பட்டறை வெச்சதுக்கு ஆதாரமே இல்ல. வரைஞ்சு கொடுக்கிறது, வரையக் கத்துக்கொடுக்கிறது, புத்தகம் போடுறது, இதான் பொழப்பு. 1791ல இருந்து 94 வரைக்கும் பகுதி பகுதியா வெளிவந்த அவர் புத்தகத்தை 600, 700 தச்சனுங்க வாங்கினாங்க, அவர் டிசைனை வெச்சு எவனெவனோ சம்பாதிச்சான். பிற்காலத்துல பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட ஆடம் பிளாக் சின்னப் பையனா இருந்தப்போ இவர்கிட்ட கொஞ்ச நாள் வேலை பாத்திருக்கார், அவர் எழுதி வெச்சதுதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டாங்களாம், வீட்டுல ரெண்டே கப் சாசர், ஒண்ணு அவருக்கு, ஒண்ணு மனைவிக்கு, பொண்ணுக்கு ஒரு சின்னக் கிண்ணம். விருந்தாளி வந்ததும் மனைவியோட கப்பை இவருக்குக் கொடுத்துட்டு அந்தம்மா இன்னொரு கிண்ணத்துல குடிச்சாங்களாம். 1806ல ஷெரட்டன் வறுமையிலேயே போய்ச்சேர்ந்தார். இன்னைக்கு ஏலக்கடையில "ஷெரட்டன் ஸ்டைல்"னு போட்டாலே விலை ஏறுது.

இந்த மூணு பேரையும் சேத்துப் பாத்தாலே என் கட்சி புரியும். பிரிட்டிஷ் ஃபர்னிச்சர்ல பேர் வாங்கினவங்க புத்தகம் போட்டவங்க. உளி பிடிச்சவன் பேரு பெரும்பாலும் காணாமப் போச்சு.

ஏன் எல்லாமே மஹாகனி?

வரி. அழகுக்காக மாறினாங்கன்னு நினைப்போம், பாதி காரணம் சுங்க வரிதான். 1660களுக்கு முன்னாடி இங்கிலாந்துல ஓக் மரம்தான் ராஜா, கனமா, கருப்பா, சர்ச் கதவு மாதிரி. அப்புறம் வால்நட் மோகம் வந்துச்சு, மெல்லிசா சீவி மேல ஒட்டுற வெனீர் வேலை அப்போதான் அங்க பெருகிச்சு. வால்நட்ல பெருசா பிரான்ஸை நம்பி இருந்தாங்க, 1709ல அடிச்ச கொடூரக் குளிர்ல அங்க மரம் ஏகத்துக்கு செத்துப்போச்சு, 1720ல பிரான்ஸ் ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. அதே நேரம் 1721ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன்னோட அமெரிக்க, கரீபியன் காலனியில இருந்து வர்ற மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துடுச்சு. ஜமைக்கா மஹாகனி கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு.

வந்ததும் தச்சனுங்க கண்டுக்கிட்டாங்க இது வேற லெவல்னு. ஒரே பலகையில மேசை மேல்தளம் போடுற அளவுக்கு அகலம், பூச்சி லேசுல அண்டாது, சுருங்குறது வளையுறது கம்மி, அதைவிட முக்கியம் மெல்லிசா செதுக்கினாலும் உடையாது. சிப்பன்டேல் சேர் முதுகுல ரிப்பன் முடிச்சு போட்ட மாதிரி செதுக்கல் பாத்திருப்பீங்க, அதை ஓக்ல செஞ்சா ரெண்டாம் நாள் சாய்ஞ்சதும் படக்குன்னு போயிடும். ஸ்டைல் மரத்தைத் தேடிப் போகல, மரம் வந்ததால அந்த ஸ்டைல் வர முடிஞ்சுது.

அந்த மரத்தை வெட்டினது யாருன்னும் கேக்கணும். ஜமைக்காவுலயும் இன்னைக்கு பெலிஸ்னு சொல்ற ஹாண்டுராஸ் கரையிலயும் ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள்தான் வெட்டினாங்க. பகல் வெயில்ல மாடு தாங்காதுன்னு ராத்திரி தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு மாடு பூட்டி ஆத்தங்கரைக்கு இழுத்துட்டுப் போவாங்க. மேல சொன்ன ஹேர்வுட் மாளிகையைக் கட்டின லாசல்ஸ் குடும்பத்துப் பணமும் பார்படோஸ் சர்க்கரையும் அடிமை வியாபாரமும்தான்.

ராபர்ட் ஆடம் ஃபர்னிச்சர் டிசைனரா ஆர்க்கிடெக்டா?

ஆர்க்கிடெக்ட். ஆனா சுவர், கூரை, கார்ப்பெட், சேர், கதவுக் கைப்பிடி வரைக்கும் நானேதான் வரைவேன்னு நின்ன ஆளு. 1760, 70கள்ல ரோமன் ஜாடி, மாலை, நேர்க்கால் எல்லாம் ஃபேஷன் ஆனதுக்கு இவர் பெரிய காரணம். லண்டனுக்குப் பக்கத்துல ஆஸ்டர்லி போனா ரூம் ரூமா பாக்கலாம். எனக்கு கொஞ்சம் மூச்சு முட்டும், உக்காரக் கூச்சமா இருக்கும்.

கம்பெனி மாதிரி பெருசா நடத்தினவங்க யாரும் இல்லையா?

கில்லோஸ். லண்டன்காரங்க இல்ல, லான்காஸ்டர், வடமேற்குல ஒரு துறைமுக ஊர். ராபர்ட் கில்லோன்னு ஒரு தச்சர் 1730 வாக்குல ஆரம்பிச்சார், மேற்கிந்தியத் தீவு வியாபாரமும் கூடவே, ஃபர்னிச்சரைக் கப்பல்ல அனுப்புறது, திரும்பி வரும்போது மஹாகனியும் ரம்மும் ஏத்திக்கிட்டு வர்றது. இவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கக் காரணம் கணக்கு நோட்டு. 1784ல இருந்து வர்ற எஸ்டிமேட் நோட்டுல ஒவ்வொரு சாமானுக்கும் சின்னப் படம், எவ்ளோ மரம், எத்தனை ஸ்க்ரூ, கூலி எவ்ளோ, நிறைய இடத்துல செஞ்ச ஆளோட பேரும் எழுதியிருக்கும். ராஜா கட்டில் செஞ்சவன் பேர் தெரியாத ஊர்ல கில்லோஸ் டிராயர் செஞ்சவன் பேர் தெரியுது. சாய்வா மேல்தளம் வெச்சு பக்கவாட்டுல டிராயர் இருக்குற குட்டி ரைட்டிங் டெஸ்க்குக்கு டேவன்போர்ட்னு பேர் வந்ததும் இந்த நோட்டாலதான், கேப்டன் டேவன்போர்ட்னு ஒருத்தருக்கு டெஸ்க் செஞ்சதா ஒரு வரி இருக்கு.

விண்ட்சர் சேர் ராஜா அரண்மனைக்கு செஞ்சதா?

இல்லவே இல்ல, டீக்கடை பெஞ்சு மாதிரி அவங்க ஊர் ஏழை சேர். ஆனா இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்.

சாதாரண சேர்ல பின்னங்கால் ரெண்டும் அப்படியே மேல போய் முதுகா ஆகும். விண்ட்சர்ல அப்படி இல்ல, நடுவுல ஒரு தடிமனான உக்கார்ற பலகை, அதுதான் எல்லாத்துக்கும் ஆதாரம், கீழ இருந்து காலைச் சொருகு, மேல இருந்து முதுகுக் குச்சியைச் சொருகு, அவ்ளோதான். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு மரம். பலகைக்கு எல்ம், ஏன்னா அதோட ரேகை பின்னிப் பின்னி ஓடும், இத்தனை ஓட்டை போட்டாலும் பிளக்காது. காலுக்கு பீச், கடையச் சுலபம். வளைக்கிற பாகத்துக்கு ஆஷ் இல்லன்னா யூ. காலை நல்லா காய வெச்சு, கொஞ்சம் ஈரம் இருக்குற பலகையில அடிச்சு இறக்கினா, பலகை காஞ்சு சுருங்கும்போது காலை இறுக்கிப் பிடிச்சுக்கும்.

இதோட தலைநகரம் ஹை விக்கம்ப், லண்டனுக்கு வடமேற்க, சில்டர்ன் மலைக்காட்டுக்கு நடுவுல. அந்த பீச் காட்டுக்குள்ளயே குடிசை போட்டு, பச்சை மரத்தை வெட்டிப் பிளந்து, காலால மிதிக்கிற கடைசல்ல சேர் கால் மட்டும் கடைஞ்சு தள்ளுற ஆளுங்க இருந்தாங்க, பாட்ஜர்னு பேரு. மரத்தை ஊருக்கு இழுக்குறதைவிட கடைஞ்ச காலை மூட்டை கட்டி அனுப்புறது லேசு, அந்தக் கணக்குதான். வாழ்நாள் முழுக்க கால் மட்டும் கடைஞ்சுட்டு, முழுசா ஒரு சேர் செய்யாமலே செத்தவங்க எத்தனையோ பேரு. பலகையைக் குழிக்கிறவன் தனி, வளைக்கிறவன் தனி, பூட்டுறவன் தனி. 1875ல அந்த ஒரே ஊர்ல ஒரு நாளைக்கு 4,700 சேர்னு ஒரு கணக்கு சொல்லுது. அந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கு இன்னைக்கும் பட்டப்பேரு "சேர்பாய்ஸ்".

இத்தனை லட்சம் சேர்ல ஒரு டிசைனர் பேர் சொல்லுங்க பாப்போம்.

விக்டோரியா ராணி காலத்து சாமான் எல்லாம் ஏன் இப்படி குண்டு குண்டா இருக்கு?

ஸ்பிரிங்தான் காரணம். சாமுவேல் பிராட்னு ஒருத்தர் 1828ல சுருள் கம்பி ஸ்பிரிங் வெச்ச மெத்தைக்கு பேடன்ட் வாங்கினார். ஸ்பிரிங் நிக்க ஆழம் வேணும், அதனால சீட் தடிமனாச்சு, அது எகிறாம இருக்க பட்டன் வெச்சு இழுத்துத் தெச்சாங்க, செஸ்டர்ஃபீல்ட் சோஃபா எல்லாம் அந்த வழி. மரச்சட்டம் மெத்தைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. 1851ல லண்டன்ல நடந்த கிரேட் எக்ஸிபிஷன்ங்கற பெரிய பொருட்காட்சியில வெச்ச ஃபர்னிச்சர் படங்களைப் பாத்தா செதுக்கல் மேல செதுக்கல், திருவிழாத் தேர் மாதிரி இருக்கும்.

வில்லியம் மாரிஸ்தானே இதையெல்லாம் மாத்தினார்?

மாத்தணும்னு சத்தம் போட்டது அவர், அது உண்மை. மெஷின் வேலை மனுஷனைக் கெடுக்குது, கைவேலையில சந்தோஷம் இருக்குன்னு ஊர் ஊரா பேசினார், 1861ல நண்பர்களோட கம்பெனி ஆரம்பிச்சார். ஆனா ஃபர்னிச்சரை அவரே டிசைன் பண்ணினது ரொம்பக் கம்மி, வால்பேப்பரும் துணியும்தான் அவர் கைவண்ணம். கம்பெனிக்கு ஃபர்னிச்சர் வரைஞ்சதுல முக்கியமானவர் ஃபிலிப் வெப்.

முதுகு சாய்வை கம்பி மாத்தி மாத்தி வெச்சுக்கிற "மாரிஸ் சேர்" இருக்கே, அதுவாச்சும் அவருதான்னு பாத்தா, 1866 வாக்குல கம்பெனி மேனேஜர் வாரிங்டன் டெய்லர் சசெக்ஸ்ல எஃப்ரைம் கோல்மன்னு ஒரு வயசான தச்சர்கிட்ட அதைப் பாத்துட்டு படம் வரைஞ்சு வெப்புக்கு அனுப்பினாரு. வெப் கொஞ்சம் மாத்தினார், கம்பெனி வித்துச்சு, அமெரிக்காவுல காப்பி அடிச்சாங்க, பேரு மாரிஸ் சேர். கோல்மன் சேர்னு ஒருத்தனும் சொல்லல. கோரைப்புல் பின்னின சசெக்ஸ் சேரும் அதே கதைதான், கிராமத்து சேர், கம்பெனி பேர்.

இந்த விஷயத்துல எனக்கு மரியாதை உள்ளவர் எர்னஸ்ட் கிம்சன். ஆர்க்கிடெக்ட் படிச்ச பையன், 1890ல ஹெரஃபோர்ட்‌ஷயர் போய் ஃபிலிப் கிளிசெட்ங்கற கிராமத்து சேர்க்காரர்கிட்ட உக்காந்து கடைசல் கத்துக்கிட்டார், கிளிசெட்டுக்கு அப்போ 70 வயசுக்கு மேல. 1893ல பார்ன்ஸ்லி அண்ணன் தம்பிங்களோட காட்ஸ்வோல்ட் கிராமத்துக்கே குடிபோயிட்டார். இணைப்பை மறைக்காம வெளிய தெரியுற மாதிரி விட்டு, அதையே அழகாக்குற வேலை இவங்களோடது. குறை என்னன்னா கைவேலைக்கு ஆன கூலியில சாதாரண ஆளு வாங்கவே முடியாது, ஏழைக்காகப் பேசின இயக்கம் பணக்காரன் வீட்டுலதான் போய் உக்காந்துச்சு. இந்த இடைவெளியை நிரப்பினவர் ஆம்ப்ரோஸ் ஹீல், டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்ல குடும்பக் கடை, அதே எளிமையான ஓக் சாமானை மெஷினும் சேத்து கொஞ்சம் கட்டுப்படியாகுற விலைக்குக் கொடுத்தார்.

எலி செதுக்கின ஃபர்னிச்சர்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கு. யார்க்‌ஷயர் கில்பர்ன் கிராமத்து ராபர்ட் தாம்சன், 1876ல பொறந்து 1955ல போனவர். பரம ஏழையை சர்ச் எலின்னு சொல்றது அங்க வழக்கம், வேலை செஞ்சுக்கிட்டே அதைப் பத்திப் பேசினப்போ சும்மா ஒரு எலி செதுக்கினார்னு கதை, அப்புறம் அதுவே முத்திரை ஆயிடுச்சு. கையெழுத்துக்குப் பதிலா எலி. சிப்பன்டேலுக்கு இந்த யோசனை வந்திருந்தா எத்தனை ஆராய்ச்சியாளருக்கு வேலை மிச்சம்.

மாக்கின்டாஷ் சேர்ல உக்கார முடியுமா?

முடியும், ஆசையா உக்கார மாட்டீங்க. சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ் கிளாஸ்கோக்காரர், ஆர்க்கிடெக்ட். அந்த ஊர்ல கேத்தரின் கிரான்ஸ்டன்னு ஒரு அம்மா டீ ரூம் நடத்தினாங்க, அவங்க கொடுத்த தைரியத்துலதான் இவர் வெளையாடினார். 1898-99 வாக்குல ஆர்கைல் தெரு டீ ரூமுக்கு செஞ்ச சேர்ல தலைக்கு மேல வரைக்கும் முதுகு, உச்சியில நீள்வட்டப் பலகை. ஏன் அவ்ளோ உயரம்னா, ஒரு மேசையைச் சுத்தி நாலு சேர் போட்டா அதுவே ஒரு தடுப்பு, பெரிய ஹால்ல உங்களுக்குன்னு குட்டி ரூம். 1902-03ல ஹில் ஹவுஸ் பெட்ரூமுக்கு செஞ்ச ஏணி முதுகு கருப்பு சேர் உக்காரவே இல்ல, வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி கோடு போட்ட மாதிரி நிக்கத்தான். 1928ல லண்டன்ல கையில காசில்லாம செத்தார், 1970கள்ல இத்தாலி கசினா கம்பெனி அவர் சேரை மறுபடி செஞ்சு விக்க ஆரம்பிச்சதும் எல்லா சினிமா செட்லயும் நின்னுச்சு.

பெண்கள் யாருமே இல்லையா?

ஆலிஸ் ஹெப்பிள்வைட் பத்தி சொல்லிட்டேன். அக்னஸ் காரட், ரோடா காரட்னு ரெண்டு உறவுக்காரப் பெண்கள் 1870கள்ல லண்டன்ல சொந்தமா வீட்டு அலங்காரத் தொழில் தொடங்கி ஃபர்னிச்சரும் டிசைன் பண்ணாங்க. 1920, 30கள்ல பெட்டி ஜோயல், ஹாங்காங்ல பொறந்தவங்க, சொந்தக் கம்பெனி. ரே ஹில்லேன்னு ஒருத்தர் இருக்காங்க, கீழ வருவாங்க.

போர் நேரத்துல அரசாங்கமே ஃபர்னிச்சர் டிசைன் பண்ணுச்சாமே, நிஜமா?

நிஜம். ரேஷன் கடை மாதிரி. இரண்டாம் உலகப் போர்ல மரம் வர்ற கப்பலை எல்லாம் ஜெர்மன் நீர்மூழ்கி கவுத்துச்சு, இன்னொரு பக்கம் குண்டு விழுந்து வீடு வீடா சாமான் போச்சு, கெடைச்ச கொஞ்சத்தையும் கொள்ளை விலைக்கு வித்தாங்க. 1942ல கமிட்டி போட்டாங்க, 1943 ஆரம்பத்துல யூட்டிலிட்டி ஃபர்னிச்சர் கேட்டலாக் வந்துச்சு. இந்த டிசைனைத் தவிர வேற செய்யக்கூடாது, விலை கட்டுப்பாடு, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கும் குண்டுல வீடு இழந்தவங்களுக்கும்தான் கூப்பன். நல்ல மரத்துல சட்டம், ஒழுங்கான நாக்கு-துளை இணைப்பு, நடுவுல வெனீர் ஒட்டின ஹார்ட்போர்டு, ஒரு செதுக்கல்கூட கிடையாது.

இதுக்குப் பின்னாடி இருந்த முக்கிய ஆளு கார்டன் ரஸ்ஸல். காட்ஸ்வோல்ட்ல பிராட்வே கிராமத்துல அப்பாவோட ஹோட்டலுக்குப் பழைய சாமான் ரிப்பேர் பண்ணிக் கத்துக்கிட்டு, கிம்சன் வழியில ஆரம்பிச்சு, 30கள்ல முர்ஃபி ரேடியோ கேபினட் செஞ்சு மெஷின் பக்கமும் வந்தவர். மாரிஸ் ஆசைப்பட்ட எளிமையும் நேர்மையும் கடைசியா ஏழை வீட்டுக்குள்ள போனது ஹிட்லர் புண்ணியத்துலன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஜனங்களுக்கு இது பிடிச்சுதான்னா, பாதிக்குமேல பிடிக்கல, 1952ல திட்டம் முடிஞ்சதும் பளபளன்னு வளைவு வெச்சதைத் தேடி ஓடிட்டாங்க.

போருக்கு அப்புறம் வந்தவங்கள்ல யாரைத் தெரிஞ்சுக்கணும்?

எர்னஸ்ட் ரேஸ். மரத்துக்குத்தான் தட்டுப்பாடு, பழைய போர் விமானத்து அலுமினியம் மலை மாதிரி கெடக்குதுன்னு 1945ல அதை உருக்கி வார்த்து பிஏ3 சேர் செஞ்சார், ரெண்டரை லட்சம் சேர் வித்துச்சு. 1951ல நடந்த ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்ங்கற தேசியக் கண்காட்சி விழாவுக்கு கம்பியில ஆன்டிலோப் சேர், கால் நுனியில குட்டிக் குண்டு வெச்சு.

லூசியன் எர்கொலானி, இத்தாலியில பொறந்து குழந்தையா லண்டன் வந்தவர், ஹை விக்கம்ப்ல எர்கோல் கம்பெனி. 1944ல அரசாங்கம் அவர்கிட்ட மலிவா 1,00,000 விண்ட்சர் கிச்சன் சேர் கேட்டுச்சு. பாட்ஜருங்க தலைமுறையா செஞ்ச அதே சேரை மெஷின்ல ஓட்டிக் காட்டினார்.

அப்புறம் ராபின் டே. இவரும் ஹை விக்கம்ப்தான், 1915, அப்பா போலீஸ்காரர். ஹில்லேன்னு ஒரு கம்பெனி, 1906ல ரஷ்யப் பேரரசுல இருந்து வந்த யூதரான சாலமன் ஹில்லே கிழக்கு லண்டன்ல ஆரம்பிச்சது, என்ன செஞ்சாங்கன்னா பழைய 18ம் நூற்றாண்டு ஸ்டைல் காப்பி, அதாவது சிப்பன்டேல் மாதிரி சாமான். அவர் மக ரே எடுத்து நடத்தி, பேத்தி ரோசமைண்ட் காலத்துல டேயைக் கூட்டிட்டு வந்தாங்க. 1963ல பாலிபுரொபிலீன் சேர், ஒரு அச்சு வாரத்துக்கு 4,000 சீட் தள்ளும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக் ஸ்டேடியம், எல்லா இடத்துலயும் அதான். ஓரம் வளைஞ்ச பிளாஸ்டிக் சீட், கீழ இரும்புக் குழாய்க் காலு, நீங்களும் இதுலயோ இதோட திருட்டுக் காப்பியிலயோ கட்டாயம் உக்காந்திருப்பீங்க. 2009ல ஸ்டாம்ப்கூட போட்டாங்க. சிப்பன்டேல் பேரு எல்லாருக்கும் தெரியும், சேர் எவன்கிட்டயும் இல்ல, டேயோட சேர் எல்லார்கிட்டயும் இருக்கு, பேரு எவனுக்கும் தெரியாது.

ஹாபிடாட், ஐக்கியா எல்லாம்?

டெரன்ஸ் கான்ரான் 1964ல ஃபுல்ஹாம் ரோட்ல ஹாபிடாட் திறந்தார், டிசைன் பொருளை பலசரக்கு மாதிரி அடுக்கி வெச்சு வித்தார். 1987ல ஐக்கியா இங்கிலாந்துக்கு வந்துச்சு, 1992ல ஹாபிடாட்டே அந்த ஓனர் குடும்பத்துக்கிட்ட போயிடுச்சு.

நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?

நெனைக்கிறதைவிட அதிகம். இலங்கையில முதிரைன்னு சொல்ற மஞ்சள் மரம் அங்க சாட்டின்வுட்ங்கற பேர்ல பெரிய வீட்டு மேசை மேல ஒட்டினது, அவங்க முதல்ல மேற்கிந்தியத் தீவுல இருந்து அந்த மாதிரி மரம் எடுத்தாங்க, அப்புறம் இலங்கையில இருந்தும். கலமந்தர்னு வரி வரியா இருக்குற கருங்காலி வகை இலங்கைல மட்டும்தான் வளருது, இப்போ அரிதாயிடுச்சு. 1660கள்ல கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன பிரம்புலதான் அவங்க பின்னல் சேரே ஆரம்பிச்சுது. மேல சொன்ன எர்னஸ்ட் ரேஸ் சேர் பக்கம் வர்றதுக்கு முன்னாடி, 1937ல மெட்ராஸ்ல நெசவு மையம் நடத்தின மிஷனரி அத்தையைப் பாக்க வந்து, தான் வரைஞ்ச டிசைனை இங்க கைத்தறியில நெய்ய வெச்சு லண்டன்ல கடை போட்டு வித்தவர்.

எனக்குப் பிடிச்சது ஹொரேஸ் வால்போல் கதை. பிரதமர் பையன், ஸ்ட்ராபெரி ஹில்னு கோதிக் மாளிகை கட்டி பழம்பொருள் சேத்தவர், 1760கள்ல கடைசல் கடைசலா குச்சி வெச்ச கருங்காலி சேர் தேடித் தேடி வாங்கினார், எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலீஷ் வேலைன்னு நம்பி. அவர் நம்பினதைப் பாத்து இன்னும் பல பணக்காரங்களும் அதே மாதிரி வாங்கி "டியூடர் ரூம்" (டியூடர்ங்கறது ஹென்றியோட வம்சம்) அலங்காரம் பண்ணாங்க. அது அத்தனையும் 17ம் நூற்றாண்டுல சோழமண்டலக் கரையில நம்ம ஆசாரிங்க கடைஞ்சு ஐரோப்பியனுக்கு வித்தது.

எங்க போய்ப் பாக்கலாம்?

லண்டன் போனா விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், காசு கேக்க மாட்டாங்க, ஃபர்னிச்சருக்குன்னு தனி கேலரியே இருக்கு. ஒரு நாள் மிச்சமிருந்தா ரயில் ஏறி ஹை விக்கம்ப் மியூசியம் போயிடுங்க, சின்ன இடம்தான், மிதிக்கிற கடைசலும் கால் கால்னு அடுக்கி வெச்சதும் பாக்கலாம். கவுத்துப் பாக்க மட்டும் விட மாட்டாங்க.